பெனால்டிக்குக் கோல்கீப்பர் பாய்வது சரியா, நிற்பது சரியா?

வெள்ளைப்புள்ளி:
உளவியல் வினாடி வினாக்களில் அடிக்கடி தலைகாட்டும் கேள்வி இது. கால்பந்தில் பெனால்டியை, அதாவது கோல்கீப்பரை மட்டும் எதிரே வைத்து 11 மீட்டரிலிருந்து உதைக்கும் தண்டனை உதையைத் தடுக்க, அவர் இடப்பக்கம் பாய வேண்டுமா, வலப்பக்கம் பாய வேண்டுமா, நடுவில் நிற்க வேண்டுமா? விடை: நிற்க வேண்டும். 2007இல் மைக்கேல் பார்-எலியும் உடன் ஆய்வாளர்களும் 286 பெனால்டிகளைப் பிரித்துப் பார்த்தார்கள். பந்து நடுவில் வந்தது 28.7%. கோல்கீப்பர் நடுவில் நின்றதோ வெறும் 6.3%. நின்றபோது தடுத்தது 33.3%, இடப்பக்கம் பாய்ந்தபோது 14.2%, வலப்பக்கம் 12.6%. இதையே தொழிலாகச் செய்பவர்கள் ஏன் இப்படிக் கோட்டை விடுகிறார்கள்? இதற்குப் பெயர்தான் செயல் சார்பு. சும்மா நின்று கோல் வாங்குவதைவிட, பாய்ந்து வாங்குவது மேல் என்று மனம் கணக்குப் போடுகிறது. இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

எண்கணக்கன்:
நிறைய இருக்கிறது. சதவீதத்தை எண்ணிக்கையாக மாற்றுங்கள். 286இல் 6.3% என்றால் 18 பந்து. அதில் 33.3% என்றால் 6. உலகமெங்கும் மேற்கோள் காட்டப்படும் ஒரு முடிவு ஆறே ஆறு தடுப்புகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அந்த 18இலும் பந்து நடுவில் வந்தது 10 முறைதான். நேராகக் கைக்கு வந்த அந்த 10இல்கூட 4 உள்ளே போய்விட்டன.

இன்னொன்று. நாளையிலிருந்து கோல்கீப்பர்கள் நிற்க ஆரம்பித்தால், உதைப்பவர்கள் மட்டும் நடுவிலேயே உதைத்துக்கொண்டிருப்பார்களா? எதிராளி மாறவே மாட்டான் என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு இது.

வெள்ளைப்புள்ளி:
எண்ணிக்கை சிறியது, சரி. ஆனால் பாய்ந்த 268 முறையில் தடுத்தது 36, அதாவது 13.4%. அதே விகிதம் என்றால் 18இல் இரண்டோ மூன்றோ வந்திருக்க வேண்டும், வந்தது 6. நடுவில் வந்த 82 பந்துகளில் 72க்குக் கோல்கீப்பர் பக்கவாட்டில் பறந்துகொண்டிருந்தார், அவற்றில் காலில் கையில் பட்டு நின்றவை 5தான். கிடைக்கக்கூடிய பந்துகளைக் கண்ணெதிரே விட்டிருக்கிறார்கள்.

காரணமும் ஊகமல்ல. பொதுவாக, செய்து கெட்டதுதான் செய்யாமல் கெட்டதைவிட அதிகம் உறுத்தும் என்பது உளவியலாளர்கள் கானமனும் டிவெர்ஸ்கியும் 1982இல் பங்குச் சந்தை உதாரணத்தோடு காட்டியது. கோல்கீப்பருக்கு மட்டும் இது தலைகீழ். அவருக்குப் பாய்வதுதான் வழக்கம். வழக்கத்தை மீறி வாங்கிய கோல்தான் உறுத்தும். 1986இல் கானமனும் மில்லரும் சொன்ன கோட்பாடு இங்கே அப்படியே பொருந்துகிறது.

மேற்கு ஜெர்மனியின் கோல்கீப்பர் செப் மாயரையே பாருங்கள். 1974 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் ஜெர்மானியர் பந்தைத் தொடுவதற்கு முன்பே பெனால்டி. நெதர்லாந்தின் நீஸ்கென்ஸ் நடுவில் அறைந்தார், மாயர் பாய்ந்துவிட்டார். 1976 யூரோ (ஐரோப்பியக் கோப்பை) இறுதியில், சமநிலையை உடைக்க இரு அணியும் மாறி மாறிப் பெனால்டி உதைக்கும் ஷூட்அவுட்டில், பனென்கா நடுவில் மெல்லத் தூக்கிப் போட்டார், மாயர் மறுபடியும் பாய்ந்துவிட்டார். முதல் கோப்பை எப்படியோ மேற்கு ஜெர்மனிக்கே கிடைத்தது. இரண்டாவது செக்கோஸ்லோவாகியாவுக்குப் போனது, 5-3.

கோட்டுக்காவல்:
மாயர் மேல் பழி போடுவதற்கு முன் நேரத்தைக் கணக்கிடுங்கள். தூரம் 11 மீட்டர். பந்து மணிக்கு 100 கிலோமீட்டரில் வந்தால் 0.4 வினாடி. கண்ணால் பார்த்து உடல் அசையத் தொடங்கவே ஏறத்தாழ 0.2 வினாடி போய்விடும். மீதியில் நடுவிலிருந்து கம்பம்வரை 3.66 மீட்டரை எட்ட முடியாது. ஆகவே பாய்வதென்றால் கால் பந்தில் படும்போதே கிளம்பியாக வேண்டும். "கடைசிவரை நின்று பார்த்துவிட்டுப் பாயலாம்" என்பது மெதுவான பந்துக்கு மட்டும்தான் நடக்கும்.

நடுவில் உதைப்பதும் இலவசம் அல்ல. தாழ்வாக உதைத்தால் பாய்கிறவரின் பின்னங்காலில் படும். அதைத் தவிர்க்க உயர்த்தினால் கம்பத்துக்கு மேல் போகும் ஆபத்து. 1994 உலகக் கோப்பை இறுதியில் இத்தாலியின் பாஜியோ செய்தது இதைத்தான்: பிரேசில் கோல்கீப்பர் தஃபாரெல் எப்போதும் பாய்வார் என்று தெரிந்து, காலில் படாத உயரத்தில் நடுவில் அடிக்க நினைத்ததாக அவரே பிறகு சொன்னார். தஃபாரெல் பாய்ந்தார், பந்து மேலே பறந்தது. மெல்லத் தூக்கிப் போட்டால் வேறு ஆபத்து. 1992இல் பிரேசிலுக்கு எதிராக இங்கிலாந்தின் லினெக்கர் தூக்கிப் போட்டதைக் கோல்கீப்பர் பிடித்துவிட்டார். இங்கிலாந்துக்காகப் பாபி சார்ல்டன் அடித்த 49 கோல் சாதனையைத் தொடாமலே 48இல் ஓய்வு பெற்றார்.

எண்கணக்கன்:
அதே அட்டவணையை இப்போது உதைப்பவர் பக்கமிருந்து படியுங்கள். யாரும் செய்யாத வேலை இது. கோல்கீப்பரின் இடப்பக்கம் வந்தவை 92, தடுக்கப்பட்டவை 16, அதாவது 17.4%. வலப்பக்கம் 112இல் 15, அதாவது 13.4%. நடுவில் 82இல் 11, அதுவும் 13.4%.

எங்கே உதைத்தாலும் ஏறக்குறைய ஒரே ஆபத்து! எதிராளி என்ன செய்வான் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடும் ஆட்டக் கோட்பாட்டில் இதற்கு ஒரு பொருள் உண்டு. கோல்கீப்பர் தன் பாய்ச்சல்களைச் சரியான விகிதத்தில் கலந்தால்தான் உதைப்பவருக்கு எந்த மூலையும் லாபமில்லாமல் போகும். அதாவது அந்த 6.3% ஏறக்குறைய சரியான அளவு. பிசகு உதைப்பவரிடம்: நடுவில் அளவுக்கு அதிகமாக உதைக்கிறார், அதனால்தான் நிற்பது லாபமாகத் தெரிகிறது. பொருளியலாளர் பலாசியோஸ்-உவெர்த்தா 2003இல் 1417 பெனால்டிகளை ஆராய்ந்தபோதும், தொழில்முறை ஆட்டக்காரர்கள் இந்தக் கலவையைக் கிட்டத்தட்டக் கச்சிதமாகவே செய்கிறார்கள் என்றுதான் கண்டார்.

வெள்ளைப்புள்ளி:
நல்ல வாசிப்பு, ஆனால் என் வாதத்துக்கே வலு சேர்க்கிறது. எதிராளி பிசகுகிறான் என்றால் அதைப் பிடித்துக்கொள்வதுதானே ஆட்டம்? நடுவில் 28.7% வரும்போது 6.3% மட்டும் நிற்கிறவர் பிசகைக் காணாதவர். உதைப்பவர் மாறும்வரை கூடுதலாக நில்லுங்கள், மாறியதும் குறையுங்கள். அதைச் செய்யவிடாமல் தடுப்பது உறுத்தல்தான். கோல்கீப்பருக்குக் கோல்கீப்பரைத் தெரியும்: 2022 உலகக் கோப்பை இறுதியில் அர்ஜென்டினாவின் டிபாலா நடுவில் அடித்தது தன் அணிக் கோல்கீப்பர் எமிலியானோ மார்ட்டினெஸ் சொல்லித்தான் என்று டிபாலாவே சொன்னார். பிரான்ஸ் கோல்கீப்பர் யோரிஸ் பாய்ந்துவிட்டார்.

எண்கணக்கன்:
18 பந்தை வைத்துக்கொண்டு "கூடுதலாக" என்றால் எவ்வளவு? 10 சதவீதமா, 30 சதவீதமா? அதற்கு அந்த ஆய்வில் விடை கிடையாது.

கோட்டுக்காவல்:
30 என்று நான் சொல்லமாட்டேன். ஐந்து உதைக்கு ஒன்று என்று வைத்தாலே உதைப்பவர் நடுவை நம்ப மாட்டார். எத்தனை முறை என்பதைவிட, எந்த உதைக்கு என்று எப்படி முடிவெடுப்பது என்பதில்தான் கோட்டை விடுகிறார்கள். 1976 முதல் 2012 வரை உலகக் கோப்பை, யூரோ ஷூட்அவுட்டுகளின் 361 உதைகளை மிசிர்லிசோயும் ஹகார்டும் ஆராய்ந்து 2014இல் வெளியிட்டார்கள். தொடர்ந்து மூன்று பந்து ஒரே பக்கம் போனால், அடுத்ததற்குக் கோல்கீப்பர் எதிர்ப்பக்கம் பாயும் போக்கு தெரிந்தது. "இனி அந்தப் பக்கம்தான் வரும்" என்ற சூதாடியின் மயக்கம் அது. வேடிக்கை என்னவென்றால், உதைப்பவர்கள் இதைப் பயன்படுத்திக்கொள்ளவே இல்லை.

தீர்வு, களத்தில் யோசிக்காமல் இருப்பது. ஆட்டத்துக்கு முன்பே பயிற்சியாளர் வரிசை எழுதிவிட வேண்டும்: பழக்கம் தெரிந்தவர்களுக்கு அவரவர் பக்கம், தெரியாதவர்களுக்குக் குலுக்கிப் போட்ட வரிசை, அதிலேயே எது 'நில்' என்பதும். 2006 உலகக் கோப்பைக் காலிறுதியில் அர்ஜென்டினாவுக்கு எதிராக ஜெர்மன் கோல்கீப்பர் லேமன் கையில் அப்படியொரு சீட்டு இருந்தது. அதில் கடைசியாக உதைக்க வந்த கம்பியாஸோ பெயரே இல்லை. இருந்தும் லேமன் நிதானமாகச் சீட்டைப் பார்த்துவிட்டுப் பந்தைத் தடுத்தார்.

விதிவிலக்கு, கோல்கீப்பரின் அசைவைப் பார்த்து உதைப்பவர்கள். இத்தாலியின் ஜோர்ஜினியோ போலக் குதித்து வருகிறவரிடம் சீட்டு உதவாது, சீக்கிரம் அசைகிறவர்தான் பலி. அவருக்காக ஒரு கணம் தாமதித்தால் பந்து மெதுவாகத்தான் வரும், எட்டவும் முடியும். 2021இல் நடந்த யூரோ இறுதியில் இங்கிலாந்து கோல்கீப்பர் பிக்ஃபோர்ட் அவரைத் தடுத்தார்.

எண்கணக்கன்:
சீட்டில் 'நில்' என்று எழுதியிருந்தாலும், அரங்கம் நிறைந்திருக்கும்போது அதன்படி நிற்பவர் எத்தனை பேர்?

கோட்டுக்காவல்:
அதற்குத்தான் முடிவு கோல்கீப்பருடையதாக இருக்கக் கூடாது என்கிறேன். பயிற்சியாளர் எழுதியதைச் செய்து கோல் வாங்கினால், கேள்வி பயிற்சியாளருக்குத்தான் போகும்.