அம்மை ஒருதடவை போட்டா திரும்ப வராதாம்! அப்ப அக்கி எங்கிருந்து வருது?

ராஜி_ஈரோடு:
நேத்து வாத்தியார்63 ஒரு பதிவு போட்டிருந்தாரு. 'சின்னம்மை போட்டு எழுந்தவன் உடம்பு அந்தக் கிருமியை சாகுற வரைக்கும் ஞாபகம் வெச்சிருக்கும், மறுபடி அது கிட்டயே வராது, அதனால காசு கொடுத்து ஊசி போடாம அம்மை போட்ட வீட்டுக்குப் புள்ளைங்கள அனுப்பி விளையாட விடுங்க'ன்னு. படிச்சதுல இருந்து வயிறு எரியுது. எங்கம்மா நெத்தியில இன்னும் அம்மைத் தழும்பு இருக்கு, ஆறு வயசுல போட்டது. 71 வயசுல வலது விலாவுல அக்கி. முதுகுல ஆரம்பிச்சு மார் நடு வரைக்கும் பாதி பெல்ட் மாதிரி வந்து கோடு கிழிச்சாப்ல நின்னுடுச்சு, இடது பக்கம் ஒரு கொப்புளம் இல்ல. ஃபேன் காத்து பட்டாலே அலறுவாங்க, ஜாக்கெட் போட முடியாம அப்பாவோட பழைய வேட்டியைப் போத்திக்கிட்டு ராத்திரியெல்லாம் உக்காந்திருந்தாங்க. அது அதே கிருமிதான் சார். கிட்ட வராதுன்னீங்க, அது போகவே இல்ல.

வாத்தியார்63:
அம்மை வேற, அக்கி வேறம்மா. 34 வருசம் பயாலஜி நடத்தினவன் நான், எனக்கு நீங்க பாடம் எடுக்க வேண்டாம். 1846ல ஃபாரோ தீவுகள்ல தட்டம்மை வந்துச்சு, 7,800 பேர்ல சுமார் 6,000 பேர் படுத்தாங்க. பானும்னு ஒரு டேனிஷ் டாக்டர் போய்ப் பாத்தாரு. 1781ல அந்தத் தீவுல தட்டம்மை போட்ட கிழவங்க, 65 வருசம் கழிச்சும் அவங்களுக்கு வரல. அதுதான் ஞாபக சக்தி. திரும்ப வராது.

ராஜி_ஈரோடு:
அது தட்டம்மை! நான் பேசுறது சின்னம்மை! தட்டம்மைக் கிருமியை உடம்பு பொதுவா துடைச்சு எறிஞ்சுடும். சின்னம்மைக் கிருமி தோல் நரம்பு வழியா ஏறி முதுகுத்தண்டு ஓரத்து நரம்பு முடிச்சுல போய்ப் படுத்துக்கும். ஆன்டிபாடி, அதான் கிருமியைப் பிடிக்க உடம்பு செய்யற புரதம், ரத்தத்துல சுத்திட்டே இருக்கும், ஆனா கிருமியை எழ விடாம அமுக்கி வெக்கிறது முக்கியமா டி செல்லுங்கிற வெள்ளை அணுக்கள்தான், வயசாக ஆக அது தளருது, அப்ப இது ஒரே ஒரு நரம்பைப் பிடிச்சு இறங்குது. அதான் ஒரு பக்கம் மட்டும் வருது. போனாத்தானே சார் திரும்ப வர்றதுக்கு?

களிமண்கை:
இதுக்கு ஏன் இவ்ளோ சண்டை. எங்க தாத்தா அக்கி எழுதுறவரு. காவிமண்ணைக் குழைச்சு மேல எழுதினா ஒரு வாரத்துல காஞ்சுடும். டி செல்லு டீ செல்லுன்னு அவரு கேள்விப்பட்டதே இல்ல.

ராஜி_ஈரோடு:
தம்பி, எழுதாட்டியும் அக்கி ரெண்டு மூணு வாரத்துல காஞ்சுடும். கிருமியை அடக்குற மாத்திரைய கொப்புளம் கிளம்பின மூணு நாளைக்குள்ள ஆரம்பிக்கணும், எங்கம்மா எழுதப் போயி ஆறு நாள் போச்சு. கொப்புளம் காஞ்சுது, வலி எட்டு மாசம் நின்னுச்சு.

களிமண்கை:
எங்க தாத்தாவ போலின்னு சொல்றீங்களா? ஒருத்தர்கிட்டயும் ஒத்த ரூபா வாங்கினதில்ல அவரு. உங்க டாக்டருங்க வாங்கினதச் சொல்லட்டுமா?

ராஜி_ஈரோடு:
உங்க தாத்தாவ நான் ஒண்ணும் சொல்லல. மூணு நாள்னு சொன்னேன்.

மேட்டுப்பாளையத்தான்:
வாத்தியாரய்யா போன ஐப்பசியில டெங்கு பத்தியும் இப்படித்தான், ஒருதடவை வந்தா அப்புறம் பயமில்லன்னாரு. டெங்குல நாலு வகை இருக்கு, ரெண்டாவது தடவை வேற வகை வந்தா மொத தடவை உண்டான ஆன்டிபாடியே கிருமியை செல்லுக்குள்ள இழுத்து விட்டுடுது, ஆபத்து கூடுது. அன்னைக்கு நான் சொன்னதுக்கு என்னை பிளாக் பண்ணினாரு, மறக்கல.

வாத்தியார்63:
நீ பப்பாளி இலைச் சாறு கொடுக்கச் சொன்ன ஆளு, அதனால பிளாக் பண்ணினேன். இங்க பேச்சு அம்மை. அக்கி புதுசா வெளியில இருந்து ஒட்டினதுன்னு நான் சொல்றேன், இல்லன்னு நிரூபிக்கச் சொல்லுங்க.

ராஜி_ஈரோடு:
சொல்றேன். அம்மாவுக்கு அக்கி இருந்தப்ப என் தம்பி குழந்தைய மடியில போட்டாங்க, எட்டு மாசக் குழந்தை. பதினஞ்சாவது நாள் குழந்தைக்கு உடம்பெல்லாம் சின்னம்மை. அக்கி இல்ல, சின்னம்மை. ரெண்டும் வேற கிருமின்னா இது எப்படி நடந்துச்சு?

வாத்தியார்63:
ஸ்கூல்ல யார்கிட்டயாவது ஒட்டியிருக்கும்.

ராஜி_ஈரோடு:
எட்டு மாசக் குழந்தை எந்த ஸ்கூலுக்கு சார் போகுது??

வாத்தியார்63:
கிரச்ச சொன்னேன். தனி ஒரு வீட்டுக் கதைய வெச்சு விஞ்ஞானம் பேச முடியாது.

ராஜி_ஈரோடு:
கிரச்சுக்கும் போகல, வீட்டுலதான் இருந்துச்சு. சரி, வீட்டுக் கதை வேண்டாம். இங்கிலாந்துல சைரன்செஸ்டர்ல ஹோப் சிம்ப்சன்னு ஒரு சாதாரண குடும்ப டாக்டர், 16 வருசம் தன்கிட்ட வந்த அக்கிக்காரங்கள எழுதி வெச்சுப் பாத்தாரு. ஊர்ல சின்னம்மை பரவுறப்ப அக்கி கூடல, வயசு ஏற ஏறத்தான் கூடுச்சு. உள்ள தூங்குற கிருமிதான் மறுபடி எழுந்திரிக்குதுன்னு 1965லயே சொல்லிட்டாரு. அதுக்கு முன்னாடியே 1950கள்ல வெல்லர்னு ஒரு அமெரிக்க விஞ்ஞானி அம்மை, அக்கி ரெண்டு கொப்புளத்துல இருந்தும் வைரஸை எடுத்து வளர்த்து ஒண்ணுதான்னு காட்டிட்டாரு. நீங்க 34 வருசம் என்னத்த நடத்தினீங்க?

வாத்தியார்63:
வயசுக்கு மரியாதை கொடுத்துப் பேசுங்க. ஊசியில இருக்கிறதும் உயிருள்ள கிருமிதானே, அதுவும் நரம்புல போய்ப் படுக்காதா?

ராஜி_ஈரோடு:
படுக்கும். 1974ல ஜப்பான்ல தகஹாஷின்னு ஒரு டாக்டர் பலவீனப்படுத்தின கிருமி அது, அக்கியா எழறது இயற்கையா போட்டதவிடக் குறைவு. நீங்க அம்மை வீட்டுக்கு அனுப்பச் சொல்றது முழு பலத்தோட இருக்கிற கிருமிய புள்ளைங்க நரம்புல ஆயுசுக்கும் குடி வெக்கிறது. அரசாங்க அட்டவணையில இந்த ஊசி இல்ல, வெளியில காசுதான், ஒத்துக்கறேன். அதுக்காக இப்படியா?

களிமண்கை:
எங்க தாத்தா விசயத்துக்கு இன்னும் யாரும் மன்னிப்பு கேக்கல.

வாத்தியார்63:
என் பதிவை மறுபடி படிங்க. அம்மை திரும்ப வராதுன்னு தான் எழுதியிருக்கேன், அக்கின்னு ஒரு வார்த்தை இல்ல. எழுதாததுக்கு நான் பதில் சொல்ல முடியாது.

ராஜி_ஈரோடு:
'கிருமி கிட்டயே வராது'ன்னு எழுதியிருக்கீங்க, படம் புடிச்சு வெச்சிருக்கேன். எட்டு மாசக் குழந்தைக்கு எங்க ஒட்டுச்சு, அதுக்கும் இன்னும் பதில் வரல.