அம்பாசடர் பெட்ரோல் டேங்கில் கசிவு: வெல்டிங் வைக்கலாமா?

கேள்வி (ராயபுரம்):
வணக்கம். அப்பா வாங்கிய 1976ஆம் ஆண்டு மார்க் 3 அம்பாசடரை இன்றும் ஓட்டி வருகிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது வண்டி மூன்று நாள் தண்ணீரில் நின்றது. அதிலிருந்து டிக்கியில் லேசான பெட்ரோல் வாடை இருந்தது. இப்போது இரவில் நிறுத்தினால், காலையில் தரையில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம் தெரிகிறது. பார் சோப்பைத் தேய்த்து அடைத்தேன், ஒரு வாரம் தாங்கியது. எம்-சீல் வைத்தேன், அதன் ஓரத்திலேயே மறுபடி கசிகிறது. டேங்கைத் தண்ணீரில் அலசிக் கொண்டுவந்தால் அரைமணி நேரத்தில் காஸ் வெல்டிங் வைத்துத் தருவதாகத் தெருமுனை வெல்டர் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில் (பெரம்பூர்):
தம்பி, தயவுசெய்து கொடுக்காதீர்கள். பெட்ரோல் நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்கே நெருப்புக்கு அருகில் அதிக ஆபத்தானது. காற்றில் பெட்ரோல் ஆவி சுமார் 1.4 விழுக்காடு கலந்தாலே வெடிக்கும் நிலை வந்துவிடும். துருவின் இடுக்கிலும் மடிப்பு விளிம்பிலும் ஊறியிருக்கும் பெட்ரோல், வெறும் தண்ணீரில் ஒருமுறை அலசினால் போகாது. சூடு பட்டதும் அது மீண்டும் ஆவியாகக் கிளம்பும். சோப்புத்தூள் கலந்த வெந்நீரால் பலமுறை கழுவி, பொத்தல் மேலே வரும்படி டேங்கைத் திருப்பி, அந்த இடம் மட்டும் மிஞ்சும் அளவுக்குத் தண்ணீர் நிரப்பிய பிறகே நெருப்பை அருகில் கொண்டுவர வேண்டும். தகடு மெல்லியது என்பதால் வெல்டிங்கைவிட ஈயத்தை உருக்கி ஒட்டுவதே மேல். ரேடியேட்டர் வேலை பழகிய கைகளுக்கு அது நன்றாக வரும். இப்போதைக்குப் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, வண்டியைத் திறந்தவெளியில் நிறுத்துங்கள். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது, மூடிய ஷெட்டில் தரையோடு தங்கிவிடும்.

பதில் (திருவொற்றியூர்):
ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். முழுக்க நிரப்பியபோது மட்டும் கசிந்தால், டேங்கில் பெட்ரோல் அளவைக் காட்டும் மிதவையின் காஸ்கெட்டையோ (கசியாமல் அடைக்கும் வளையம்) நிரப்பும் குழாயின் ரப்பரையோ முதலில் சந்தேகிக்க வேண்டும். டேங்கில் பெட்ரோல் குறைவாக இருக்கும்போதும் கசிகிறதென்றால் அடித்தகடுதான். பெட்ரோலில் சேரும் தண்ணீர் அடியில் தங்கி உள்ளிருந்தே அரிக்கிறது, கடற்காற்று வெளியிலிருந்து அரிக்கிறது. பொத்தலைச் சுற்றி ஸ்குரூடிரைவர் நுனியால் அழுத்திப் பாருங்கள். தகடு உள்வாங்கினால் ஈயம் நிற்காது. இப்போது வரும் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் ஹோஸ்களைக் கெடுக்கக்கூடியது என்பதால், அவற்றையும் இதோடு மாற்றிவிடுங்கள்.

கேட்டவர்:
டேங்கைக் கழற்றிவிட்டேன். மேல் விளிம்புக்கும் பாடிக்கும் இடையில் அந்த வெள்ளத்துச் சேறு இன்னும் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு பொத்தல் என்று நினைத்த இடத்தில் ஏழு இருந்தன. அழுத்தியதும் தகடு அப்பளமாக நொறுங்கியது. அப்பாவின் வண்டியில் அவர் காலத்து டேங்கே இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன், ஆனால் பின் இருக்கையில் என் பிள்ளைகள் உட்காருகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பழைய வண்டி உதிரிபாகங்கள் விற்கும் புதுப்பேட்டைக்குப் போய் வேறு டேங்க் தேடப்போகிறேன்.

பதில் (பெரம்பூர்):
சரியான முடிவு. வெளியே அடித்திருக்கும் புதுப் பெயிண்டைப் பார்த்து ஏமாறாதீர்கள். மிதவைத் துளை வழியாக டார்ச் அடித்து அடிப்பகுதியைப் பாருங்கள். வாங்கிய பின் துளைகளை அடைத்து, சோப்பு நுரை பூசி, 2 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) வரை மட்டும் காற்று ஏற்றிச் சோதியுங்கள். அதற்கு மேல் போனால் டேங்க் உப்பிவிடும்.