நோட்டீஸ் கொடுத்தும் பலனில்லை, விற்பனை உத்தி உதவுமா?

கேள்வி: குப்பையைப் பிரித்துப் போடச் சொல்லித் தெருவில் 200 நோட்டீஸ் கொடுத்தேன். மறுநாள் அதிலேயே மீன் முள்ளைச் சுற்றிப் போட்டிருந்தார்கள். சோப்பு விற்கிறவர்களின் வித்தை நமக்கு உதவுமா?

பதில் 1: உதவும் சார். 1968-இல் அரசு கொண்டுவந்த நிரோத் ஆணுறையைப் பாருங்கள். ஆஸ்பத்திரியை மட்டும் நம்பாமல், டீத்தூள், சோப்பு கம்பெனிகளின் விநியோகத்தோடு சேர்த்துப் பெட்டிக்கடை வரை கொண்டுபோனார்கள். மூன்று உறை 15 பைசா. முதலில் 'காமராஜ்' என்று பெயர் வைக்கப் பார்த்தார்களாம். தலைவர் பெயராச்சே என்று விட்டுவிட்டார்கள்!

பதில் 2: சரி, குப்பைக்கு வருவோம். பிரிக்காதவர்கள் வீட்டுக்குப் போய் ஏன் என்று கேட்டீர்களா? எங்கள் மாடியில் காரணம் ஒன்றுதான்: இரண்டாவது வாளி வைக்க இடமில்லை.

கேட்டவர்: ஐயோ, அதை மட்டும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை போகிறேன், நோட்டீஸ் இல்லாமல்.