வால்பாறையில் மூன்று நாள் எழுத்து முகாம்: என்ன எடுத்துப் போகணும்?

எட்டுப் பேர், ஜூலையில். பொள்ளாச்சியிலிருந்து பஸ். எல்லோரும் சிறுகதை எழுதறவங்க. யோசனை சொல்லுங்க.

பதில் 1:
ஜூலை அடைமழைக்காலமுங்க. காகிதம் ஈரம் இழுக்கும், மை பேனா ஊறிப் பரவும். பால்பாயின்ட் இல்லீன்னா பென்சில்தான் சரி. நோட்டை ஜிப் கவர்ல போடுங்க. கரண்ட் போகும், லேப்டாப்பை நம்பி மட்டும் போகாதீங்க. ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவு, வயிறு நிறையச் சாப்பிட்டு ஏறாதீங்க.

பதில் 2:
தேயிலைக்காட்டுக்குள்ள நடந்தா அட்டை ஏறும். பிச்சு இழுத்தா புண்ணாயிரும், நகத்தால ஓரமா நெம்பி எடுங்க. பொழுது சாஞ்சா வெளிய நடக்கவே வேண்டாம். யானை வர்ற எடம், இதுல விளையாட்டு வேண்டாமுங்க.

பதில் 3:
நேரத்தைப் பிரிக்கறதுலதான் முகாமே கெடும். காலை 6 முதல் 9 வரை பேச்சில்லாம எழுத்து. போனெல்லாம் ஒரே பையில். மொத நாளே வாசிக்க வெச்சா, அன்னைக்கு ராத்திரியே திருத்த உக்காந்துருவாங்க, கதை பாதியில நிக்கும். வாசிப்பு ரெண்டாம் நாள் சாயங்காலம். ஆளுக்கு 20 நிமிசம்னா எட்டுப் பேருக்கு 160 நிமிசம், கடைசி ஆளைக் கேக்க யாருக்கும் தெம்பிருக்காது. நாலு நாலு பேரா உக்காருங்க.