காசிமேடு ஏலத்துல "சுத்திக்கிட்டே" நிக்கிற பணம்: வாலட் (பணம் அனுப்பற ஆப்) செய்யறவங்க கவனத்துக்கு

சென்னை காசிமேட்டுல விடியற்காலை மீன் ஏலம். வஞ்சிரக் கூடை 4,500-க்கு முடிஞ்சிருக்கு. வாங்கினவர் பின் நம்பர் (ரகசிய எண்) போட்டாச்சு, கணக்குல பணமும் கழிஞ்சாச்சு, ஆனா ஏலக்காரர் பக்கம் சத்தமே இல்ல. திரையில வட்டம் சுத்துது, பின்னால பத்துப் பேர் நெருக்குறாங்க. யாரா இருந்தாலும் இன்னொரு தடவை அனுப்பத்தான் செய்வாங்க. ரெண்டும் போய்ச் சேர்ந்தா 9,000.

இங்க தப்பு நெட்வொர்க் மேல இல்ல, டைம்-அவுட்டை, அதாவது நேரத்துக்குள்ள பதில் வராததை, "தோல்வி"ன்னு எழுதின நிரல் மேலதான். வெற்றி, தோல்வி, "தெரியல"ன்னு மூணு நிலை வேணும். தொகைத் திரை திறக்கும்போதே போன்ல ஒரு தனி எண் உருவாக்கிச் சேமிச்சிடுங்க. எத்தனை தடவை முயன்றாலும் அதே எண்தான் போகணும். சர்வர்ல "இருக்கான்னு பார், இல்லன்னா எழுது"ன்னு வச்சா, ஒரே நேரத்துல வர்ற ரெண்டு கோரிக்கையும் "இல்ல"ன்னுதான் பார்க்கும். ஒரே எண் ரெண்டு தடவை பதிவாகாதபடி டேட்டாபேஸ்லயே யூனிக் கட்டுப்பாடு போடுங்க.

இதுலயும் ஒரு ஓட்டை இருக்கு. ஆப்பை மூடித் திறந்து மறுபடி தொகைத் திரைக்கு வந்தா புது எண் பிறந்துடும். அதனால அதே ஆளுக்கு அதே தொகை "தெரியல"ல நின்னா, பின் நம்பர் கேக்கறதுக்கு முன்னாடியே "முதல்ல அனுப்பினது இன்னும் முடியல"ன்னு தமிழ்ல காட்டுங்க. யுபிஐல ஆளுக்கு ஆள் அனுப்பினது சேரலன்னா மறுநாளுக்குள்ள, கடைக்குன்னா 5 நாளுக்குள்ள திரும்பணும், தாண்டினா நாளுக்கு 100 ரூபாய் நஷ்டஈடுன்னு 2019-லயே ரிசர்வ் வங்கி சொல்லியாச்சு. அந்தத் தேதியையும் அதே திரையில போடுங்க.

தொகையைப் பைசாவா, முழு எண்ணா வைங்க. இதை இன்னமும் சொல்ல வேண்டியிருக்கு!

* * *

எம்.சி. ரோடு ஜவுளிக் கடைகளுக்கு வேற தலைவலி: கடை க்யூஆர் மேல வேற யாரோட க்யூஆர் ஸ்டிக்கரையோ ஒட்டிடறாங்க. க்யூஆருக்குள்ள இருக்கற பெயரை யாரும் எப்படியும் எழுதலாம், அதைக் காட்டாதீங்க. வங்கிப் பதிவுல இருக்கற பெயரைக் காட்டுங்க. பில்லுக்கு ஒரு க்யூஆர்னா இன்னும் நல்லது.

பணம் வந்ததைச் சத்தமாச் சொல்ற சவுண்ட் பாக்ஸுக்குச் செய்தி அனுப்பற வெப்ஹுக்கை (சர்வருக்குத் தானா வர்ற தகவலை) ஹெச்மேக் கையொப்பம் (ரகசியச் சாவியால போட்ட முத்திரை) பார்த்துத்தான் ஏத்துக்கணும். வந்த பைட்டுகளை அப்படியே வச்சுக் கணக்கிடுங்க. ஜேசனை (செய்தி வர்ற வடிவத்தை) பிரிச்சு மறுபடி கோர்த்தா ஒரு ஸ்பேஸ் மாறினாலும் கையொப்பம் பொருந்தாது. உடனே யாராவது "தற்காலிகமா" அந்தச் சரிபார்ப்பை நிறுத்திடுவாங்க. அப்புறம் எவன் போலிச் செய்தி அனுப்பினாலும் பெட்டி "பணம் வந்தது"ன்னு கத்தும்.

* * *

மீன் பிடிச்ச ஈரக் கையில கைரேகை எடுக்காது. பின் நம்பர் போடற வழி எப்பவும் திறந்திருக்கணும். கைரேகை வச்சாத்தான் திறக்கற சாவியை ஆண்ட்ராய்டு கீஸ்டோர்ல (போனுக்குள்ள இருக்கற சாவிப் பெட்டகத்துல) வைங்க. புதுசா ஒரு விரலைச் சேர்த்தா அந்தச் சாவி செல்லாமப் போறபடி அமைங்க. அப்போ சிம் சரிபார்ப்புல இருந்து மறுபடி பதியச் சொல்லணும், வெறும் பாஸ்வேர்டுக்கு இறங்கிடக் கூடாது.

ஆண்ட்ராய்டு போன் மாத்தினா யுபிஐல முதல் 24 மணி நேரம் பொதுவா 5,000 ரூபாய் வரைக்கும்தான் அனுப்ப முடியும். ஏலத்துக்கு முந்தின ராத்திரி புது போன் வாங்கறவருக்கு இதைப் பதியும்போதே சொல்லிடுங்க.