இயங்குதளத்துக்குள் இருக்கும் நகல் பூட்டு: உங்களுக்கு என்ன நடந்தது?

கரும்பலகை:

ஒரு பயிற்சி வகுப்பில் ஆவணப்படம் ஒன்றைக் காட்ட வேண்டியிருந்தது. வகுப்பில் காட்டும் உரிமத்தோடு காசு கொடுத்து வாங்கிய படம். முந்தின நாள் இரவு என் மடிக்கணினியில் முழுசாக ஓட்டிப் பார்த்தேன், ஒரு குறையும் இல்லை. காலையில் புரொஜெக்டரில் செருகினேன். டெஸ்க்டாப் சுவரில் தெரிகிறது, மௌஸ் அம்பு நகர்கிறது, படத்தின் குரல் ஸ்பீக்கரில் தெளிவாகக் கேட்கிறது. படம் வர வேண்டிய கட்டம் மட்டும் கன்னங்கரேலென்று கிடக்கிறது.

கேபிளைப் பிடுங்கினால் என் திரையில் படம் வருகிறது. செருகினால் என் திரையிலும் சேர்த்துப் போய்விடுகிறது. கேபிள் கோளாறு என்றுதான் நினைத்தேன். வேறு கேபிள் போட்டேன், ரெசல்யூஷனைக் குறைத்தேன், டிஸ்ப்ளே டிரைவரை, அதாவது திரையை இயக்கும் மென்பொருளை, எடுத்துவிட்டு மறுபடி நிறுவினேன். நாற்பது நிமிடம் போய்விட்டது. முப்பது பேர் பொறுமையாக உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் குரலை மட்டும் ஓடவிட்டு, காட்சிகளை நானே வாயால் விவரித்தேன்.

காரணம் இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. நகல் எடுக்க முடியாதபடி பூட்டுப் போட்ட படத்தை ஓட்டும்போது இயங்குதளமும் கிராபிக்ஸ் அட்டையும் எதிரே இருக்கும் திரையிடம் சாவி கேட்கின்றன. இன்டெல் உருவாக்கிய எச்டிசிபி என்ற முறை அது. என் புரொஜெக்டர் பழையது, விஜிஏ என்ற பழைய வகை இணைப்புக்கான அடாப்டர் வழியாக இணைந்தது. அதற்குப் பதில் சொல்லத் தெரியாது. பதில் வராததால் படம் நிறுத்தப்பட்டது. இவ்வளவும் உள்ளே நடந்திருக்கிறது, திரையில் ஒரு வரி செய்தி இல்லை. ‘இந்தத் திரைக்கு இந்தப் படம் அனுமதிக்கப்படவில்லை’ என்று ஒரே ஒரு வாக்கியம் வந்திருந்தால் நான் டிரைவரைத் தொட்டே இருக்க மாட்டேன். எனக்கு இன்றுவரை ஆறாதது இதுதான்.

மற்றச் சாவிகளையெல்லாம் உருவாக்க உதவும் எச்டிசிபியின் மூலச் சாவி 2010 செப்டம்பரிலேயே வெளியே வந்துவிட்டது. அது உண்மையான சாவிதான் என்று இன்டெல்லும் ஒப்புக்கொண்டது. அதாவது நகல் எடுக்க நினைப்பவனுக்கு வழி அப்போதே திறந்துவிட்டது.

இயங்குதளத்துக்குள்ளேயே பூட்டு வைக்கலாமா என்ற விவாதம் பெரிதாக வெடித்தது மைக்ரோசாஃப்ட்டின் விண்டோஸ் விஸ்டா காலத்தில். 2006 டிசம்பரில் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தின் பீட்டர் குட்மன், விஸ்டாவின் உள்ளடக்கப் பாதுகாப்புக்கு என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்று நீண்ட கட்டுரை எழுதினார். மின்னழுத்தம் கொஞ்சம் ஏறி இறங்கினாலும் டிரைவர் சந்தேகக் குறி எழுப்ப வேண்டும் என்பது போன்ற விதிகளை அதில் எடுத்துக் காட்டினார். படத்தை வெளியிடுபவர் கேட்டால்தான் இந்தக் கட்டுப்பாடுகள் வேலை செய்யும் என்று மைக்ரோசாஃப்ட் பதில் சொன்னது. அவர் பயந்ததெல்லாம் அப்படியே நடக்கவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் என் கணினி யார் பேச்சைக் கேட்கிறது என்ற கேள்வியை அவர் அன்றே கேட்டார். எனக்கு அது அந்த வகுப்பில்தான் உறைத்தது.

உங்களுக்கும் இப்படி ஏதாவது நேர்ந்திருந்தால் எழுதுங்கள்.

பாட்டுப்பெட்டி:

எனக்கு நடந்தது பாட்டு விஷயத்தில். இணையக் கடை ஒன்றில் இருநூறுக்கும் மேல் பாட்டு வாங்கி வைத்திருந்தேன், பெரும்பாலும் அம்மாவுக்காக. ஹார்ட் டிஸ்க் பழுதாகி, புதிது வாங்கி, இயங்குதளத்தை முதலிலிருந்து நிறுவினேன். கோப்புகளைக் காப்பு டிஸ்கிலிருந்து எடுத்துப் போட்டேன். பெயர், ஆல்பம், அட்டைப் படம் எல்லாம் சரியாக வந்தன. ஓட்டினால் உரிமம் பெற வேண்டும் என்று ஒரு சிறு பெட்டி. ‘சரி’ அழுத்தினால் கொஞ்ச நேரம் சுற்றும், அப்புறம் தொடர்பு கிடைக்கவில்லை என்று சொல்லும். கடையை மூடியிருந்தார்கள். கடையோடு சாவி கொடுக்கும் சர்வரும் போய்விட்டது. மூடுவதற்கு முன் எல்லாவற்றையும் சிடியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள் என்று மின்னஞ்சல் வந்ததாம், என் கண்ணில் படவில்லை.

இசையில் இந்தப் பூட்டு பெரும்பாலும் ஒழிந்தது என்பது உண்மை. 2007 பிப்ரவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் பாட்டுகளைப் பூட்டில்லாமல் விற்கலாம் என்று வெளிப்படையாகவே எழுதினார். 2009 ஜனவரியில் ஐடியூன்ஸ் கடையின் பாட்டுகள் முழுக்கவே பூட்டை நீக்குவதாக ஆப்பிள் அறிவித்தது. அதற்குப் பிறகும் மக்கள் பாட்டை வாங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். அம்மாவின் பாட்டுகளில் பாதியை நான் மறுபடி வாங்கினேன். மீதி எங்கேயும் கிடைக்கவில்லை.

வேர்க்கோப்பு:

நான் கணினிப் பராமரிப்பில் இருந்தவன். 2005 அக்டோபர் 31 அன்று விண்டோஸ் நிபுணர் மார்க் ருசினோவிச் எழுதியதைப் படித்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. சோனி பிஎம்ஜி இசைத் தட்டு ஒன்று கணினியில் சத்தமில்லாமல் ரூட்கிட், அதாவது தன்னை மறைத்துக்கொண்டு இயங்கும் மென்பொருள், நிறுவுவதை அவர் கண்டுபிடித்திருந்தார். டாலர் குறி, அடுத்து சிஸ், மறுபடி டாலர் குறி என்று பெயர் தொடங்கும் எந்தக் கோப்பையும் அது மறைத்துவிடும். மறுநாள் எங்கள் அலுவலகத்தில் ஒவ்வொரு கணினியாகப் போய் அந்தப் பெயரில் ஒரு வெற்று நோட்பேட் கோப்பு உருவாக்கிப் பார்த்தோம். உருவாக்கியதும் கண்ணெதிரே மறைந்தால் உள்ளே ஆள் இருக்கிறான் என்று அர்த்தம். நல்லவேளை, எதிலும் மறையவில்லை. சில நாளிலேயே தீநிரல் எழுதுபவர்கள் அதே மறைவிடத்தைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். நிறுவனம் தட்டுகளைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று.

விளையாட்டுத் தட்டுகளில் வந்த சேஃப்டிஸ்க் என்ற நகல் பூட்டுக்கும் இதே கதைதான். அதன் டிரைவர் விண்டோஸ் எக்ஸ்பியோடு சேர்ந்தே வந்தது. 2007இல் அந்த டிரைவரில் ஓட்டை இருப்பது தெரிந்தது. 2015இல் வந்த விண்டோஸ் 10 அதை ஏற்கவே இல்லை. பாதுகாப்புக்கு அது சரியான முடிவு, ஆனால் அதை நம்பியிருந்த பழைய விளையாட்டுகள் நின்றுபோயின. பூட்டை இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள் கொண்டுபோய் வைக்காதீர்கள் என்று நான் எந்தக் கூட்டத்திலும் சொல்வேன்.

உருப்பெருக்கி:

எனக்குப் பார்வை குறைவு. திரையைப் பெரிதாக்கிக் காட்டும் மென்பொருள் இல்லாமல் எதையும் படிக்க முடியாது. அது திரையைப் படம் பிடித்துத்தான் பெரிதாக்குகிறது. பூட்டுப் போட்ட வீடியோ வந்தால் அதற்கும் கறுப்புதான் கிடைக்கிறது. இணைய உலாவிக்கான பூட்டு முறையை இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2017 செப்டம்பரில் தரமாக ஏற்றபோது, என்னைப் போன்றவர்களுக்கு உதவும் கருவி செய்பவர்கள் மீது வழக்குப் போடமாட்டோம் என்ற உறுதியையாவது சேர்க்கச் சொல்லி எதிர்த்தவர்கள் கேட்டார்கள். சேர்க்கவில்லை. டிஜிட்டல் உரிமைகளுக்காகப் போராடும் எலெக்ட்ரானிக் ஃபிராண்டியர் ஃபவுண்டேஷன் அதனால்தான் டபிள்யூ3சியைவிட்டு விலகியது.

பாடக்காணொளி:

எல்லோரும் ஒரு பக்கமாகவே பேசுகிறீர்கள், கோபப்படாமல் கேளுங்கள். நான் தனியாளாகப் பாடக் காணொளிகள் செய்து விற்கிறேன். எட்டு மாத உழைப்பில் வந்த தொகுப்பு. வெளியிட்ட மூன்றாம் நாள் இன்னொருவர் பெயரில் முழுசாக இலவசமாகக் கிடைத்தது. என் குரல் இருக்கிறது, என் பெயரை மட்டும் வெட்டியிருந்தார்கள். பிறகு பூட்டோடு விற்கும் தளத்துக்கு மாறினேன். திருட்டு நிற்கவில்லை, ஆனால் முதல் சில மாதம் தாக்குப்பிடித்தது. அந்தச் சில மாதத்து வருமானத்தில்தான் அடுத்த பாடத்தைச் செய்தேன். பூட்டே வேண்டாம் என்று சொல்பவர்கள் எங்களுக்கு வேறு என்ன வழி என்பதையும் சொல்ல வேண்டும்.

கரும்பலகை:

பாடக்காணொளி நண்பரே, உங்கள் வருத்தம் நியாயமானது. பூட்டே கூடாது என்று நான் சொல்லவில்லை. விற்கும்போதே எந்தத் திரையில் ஓடும், கடை மூடினால் என்ன ஆகும் என்று எழுதிக் கொடுங்கள். தடுக்கும்போது தடுத்தேன் என்று கணினி சொல்லட்டும். உருப்பெருக்கி சொன்ன மாதிரி ஆட்களுக்கு விலக்கும் வேண்டும், அதில் பேரமே கிடையாது.

என் கதையின் மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்த ஆவணப்படத்தை எடுத்தவருக்கே நடந்ததை எழுதினேன். இப்படித் தடுக்கும் என்று அவருக்கே தெரியாதாம். மறுநாள் பூட்டில்லாத கோப்பு ஒன்றை அனுப்பி வைத்தார். அடுத்த வகுப்பில் அதே பழைய புரொஜெக்டர், அதே விஜிஏ அடாப்டர். முதல் தடவையிலேயே ஓடியது.