புதுப்பிப்பு: எஃப்77-இலிருந்து மாக் 2-க்கு மாறுவது பற்றி
என்னிடமுள்ள அல்ட்ராவயலெட் எஃப்77 ரீகான் மின்சார பைக்கை விற்றுவிட்டு, அதன் புதிய பதிப்பாக 2024 ஏப்ரலில் வந்த மாக் 2 ரீகானை வாங்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். இப்போதைக்கு மாறுவதில்லை என்று முடிவெடுத்துவிட்டேன். இரண்டிலும் பேட்டரி அதே 10.3 கிலோவாட் மணிதான் என்பதால், முறுக்குவிசை 95-இலிருந்து 100 நியூட்டன் மீட்டராக உயர்ந்ததும், ஒரு சார்ஜில் ஓடும் என்று சான்றளிக்கப்பட்ட தூரம் 307-இலிருந்து 323 கிலோமீட்டராகக் கூடியதும் அவ்வளவு பணம் போடப் போதுமான காரணமாக எனக்குப் படவில்லை. மனத்தை உண்மையிலேயே அசைத்தது பத்து நிலைகளில் மாற்றிக்கொள்ளக்கூடிய ரீஜென் பிரேக்கிங்தான் (மோட்டாரே வண்டியின் வேகத்தைக் குறைத்து, அந்த ஆற்றலைப் பேட்டரிக்குத் திருப்பும் வசதி): நண்பரின் வண்டியில் நந்தி மலையிலிருந்து இறங்கியபோது, ஆக்ஸிலரேட்டரைத் தளர்த்தியதுமே வேகம் சீராகக் குறைந்ததால், பிரேக் லீவரை அதிகம் தொடாமலே வளைவுகளைக் கடக்க முடிந்தது. மழையில் தினமும் ஓட்டுபவர்களுக்கு, சக்கரம் வழுக்கிச் சுழலாமல் தடுக்கும் டிராக்‌ஷன் கன்ட்ரோலும் மிகவும் உதவும். அவர்கள் தாராளமாக மாறலாம். பேட்டரியின் கொள்ளளவு கூடினால் நான் மறுபடியும் யோசிப்பேன்.